ஆஃபரில் வந்த குட்டி டென்ட்

நேற்று என் செல்போனுக்கு ஒரு மெசேஜ். ‘நீங்கள் வாங்கிய டென்ட் பிடித்திருந்ததா? எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? உங்கள் அனுபவத்தை நாலு வரியில் எழுதுங்கள்.’

நாலு வரியில் எழுதத் தெரிந்திருந்தால் நான் எதற்கு வாரா வாரம் உங்கள் உயிரை வாங்குகிறேன்? அதனால் மெசேஜை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் உங்களிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக்குள் டென்ட் எப்படி நுழைந்தது? கொரோனா நுழைகிற மாதிரிதான். சத்தமில்லாமல், யாருக்கும் தெரியாமல்... என்ன, இது மூச்சுக்காற்றில் வரவில்லை, யூடியூப்பில் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம். மணவாள நகரில் எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு ஹால். ஒரு அறையில் இவருடைய மீட்டிங். இன்னொன்றில் மகள் நித்யாவின் ஆன்லைன் காலேஜ். ஹாலில் டி.வி., அதில் இன்றைய பாதிப்பு நிலவரம். மிச்சமிருந்த சமையலறையை எனக்குத் தாராள மனதோடு விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மீட்டிங் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் பார்த்ததில் பாதி கேம்பிங் வீடியோ என்பது பிறகுதான் தெரிந்தது. பனி மலையில் ஒரு தாடிக்காரர் தனியாக டென்ட் போடுகிறார். தனியாக நெருப்பு மூட்டுகிறார். தனியாக ஒரு முட்டையை வேகவைத்து, அதைப் பார்த்துச் சிரிக்கிறார். இதை ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்க்க முடிகிற ஆண்களால், அடுப்பில் வைத்த பால் பொங்குவதை மட்டும் ஏன் பார்க்க முடிவதில்லை?

ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தார். “நாமளும் போறோம்.”

“எங்க?”

“பக்கத்துலதான். மாவட்டம் தாண்டினா இ-பாஸ் கேக்கறான். அதனால நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளயே இயற்கை எங்க இருக்குன்னு பார்த்து வச்சிருக்கேன்.”

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வருஷா வருஷம் ஊட்டி, கொடைக்கானல் என்று பறந்த குடும்பங்களுக்கெல்லாம் இப்போது திடீரென்று சொந்த மாவட்டத்தின் மேல் பாசம் பொங்குகிறது. என் தோழி ஒருத்தி பூண்டி ஏரியை ‘யாருக்கும் தெரியாத பொக்கிஷம்’ என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். ஏரி என்ன ஒளிந்துகொண்டா இருந்தது? சென்னைக்கே தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. சென்னையில் அவள் அம்மா வீட்டுக் குழாயைத் திறந்தால் அந்தப் பொக்கிஷம் கொட்டும்.

இவர் கண்டுபிடித்த இயற்கை, கம்பெனிகள் நிறைந்த தேர்வாய் கண்டிகைக்குச் சற்று இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரின் வெளியே இருந்தது. உடன் வேலை செய்யும் நண்பருக்குச் சொந்தமான மாந்தோப்பு. பக்கத்தில் ஏரி. நண்பர் சென்னையில் மாட்டிக்கொண்டு பல மாதமாகத் தோப்புப் பக்கமே வரவில்லை. “தாராளமா போங்க, ஈ காக்கா இருக்காது. மோட்டார் ரூம்ல கரன்ட் இருக்கு” என்று போனிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்.

டென்ட் வந்தது. பெரியது ஒன்று வாங்கினால் குட்டி டென்ட் ஒன்று இலவசமாம். வந்த பார்சலை எங்கள் வழக்கப்படி மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் தனியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தோம். அட்டைப்பெட்டியைத் தனிமைப்படுத்துகிறோமே என்று அப்போது எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

இயற்கையோடு இயற்கையாக ஓர் இரவு வாழ நாங்கள் என்னென்ன எடுத்துப்போனோம் தெரியுமா? டேபிள் ஃபேன். கொசு பேட். மூன்று சார்ஜர், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஆவி பிடிக்கும் மெஷின். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். சானிடைசர் ஒரு கேன். தக்காளி சாதம், தயிர் சாதம், வடகம். மடக்கு நாற்காலி. தாடிக்காரரை நினைத்து, ஒரே ஒரு முட்டை.

கார் கிளம்பியது. திருவள்ளூர், பூண்டி, ஊத்துக்கோட்டை என்று போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. ஊருக்கு ஊர் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார்கள். எங்கள் கார் அண்ணா நகரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிளேட்டில் சென்னை நம்பர். டீக்கடையில் நிறுத்தினால் பெஞ்சில் இருந்தவர்கள் மாஸ்க்கை மேலே ஏற்றினார்கள். நாலு தலைமுறையாகத் திருவள்ளூர்க்காரரான என் கணவர், சொந்த மாவட்டத்திலேயே வெளியூர்க் கிருமியாகிவிட்டார்.

தோப்பு அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மாமரம், அப்பால் ஏரிக்கரை, கரை முடிகிற இடத்தில் ஊர். ஊருக்குள் போகிற பாதையில் குறுக்கே சவுக்குக் கம்பு கட்டி, வேப்பிலை சொருகி, பக்கத்தில் ஒரு பக்கெட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். நாலைந்து இளைஞர்கள் காவல். நாங்கள் கம்புக்கு வெளியே இருந்ததால் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

டென்ட் ஒரு வழியாக நின்றது. நின்றதும் என் கணவருக்கு முதலில் தேவைப்பட்டது என்ன? பிளக் பாயின்ட்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூம் கதவைத் தள்ளினார். உள்ளே இருந்து ஒரு அலறல். வெளியே இவருடைய அலறல். இரண்டாவதுக்குத்தான் சத்தம் அதிகம்.

“சார், கிட்ட வராதீங்கோ! அங்கியே நில்லுங்கோ!”

துண்டால் வாயை மூடிக்கொண்டு ஓர் இளைஞர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். என் கணவர் அதற்குள் மூன்று மரம் தாண்டியிருந்தார். லாக்டவுனில் அவர் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

பெயர் தேவராஜ். அந்த ஊர்தான். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனிக்காரர்கள், வெளியே போய் வந்தால் நோய் வந்துவிடும் என்று ஆட்களை உள்ளேயே தங்க வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். குடோனில் பாய், கேன்டீனில் சோறு. அப்புறம் இவரோடு வேலை செய்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும், எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்து வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இவருக்கு நெகட்டிவ். ஆனாலும் ஊர்க் கட்டுப்பாடு: கம்பெனியிலிருந்து யார் வந்தாலும் பதினாலு நாள் வெளியே இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே இருந்தபோது வெளியே விடவில்லை. வெளியே வந்தபோது உள்ளே விடவில்லை.

“தோப்புக்காரர் ஊர்ல இல்லியே மேடம், கேக்காம குந்திகினேன். நாளைக்குக் காலீல கெளம்பிடுவேன். பதினாலு நாளு நாளையோட முடியுது” என்றார், ஏதோ நாங்கள் வாடகை கேட்க வந்த மாதிரி.

நாளை என்ற சொல்லை அவர் சொன்ன விதமே வேறு. மாமரக் கிளையில் ஒரு நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ள அன்று காலைதான் துவைத்தாராம்.

காரணம் பிறகு வந்தது. அவர் கம்பெனிக்குள் இருந்தபோது அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பொன்னேரியில் பிரசவம். பெண் குழந்தை. கம்பெனியில் இருக்கும்போது வீடியோவில் பார்த்தார். இங்கே வந்த பிறகும் வீடியோவில்தான் பார்க்கிறார். தாயும் குழந்தையும் இருக்கிற வீடு அதோ, கூப்பிடு தூரத்தில்.

“பேரு என்ன?” என்று கேட்டாள் நித்யா.

“இன்னும் வெக்கலமா. பாப்பான்னுதான் கூப்ட்றோம். நீ வந்து கையில வாங்கினாதான் பேருன்னு அவ கண்டிசனா சொல்ட்டா.” துண்டுக்குப் பின்னால் சிரித்தது தெரிந்தது. “நான் ஒரு பேரு வச்சிகினு கீறேன். சொல்ல மாட்டேன். மொதல்ல பாப்பா காதுலதான்.”

இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? தக்காளி சாதத்தை ஒரு தட்டில் போட்டு, நடுவில் இருந்த கல்லின் மேல் வைத்துவிட்டு நான் பின்னால் வந்தேன். அவர் வந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனார். எங்கள் நாற்காலி இங்கே, அவர் மோட்டார் ரூம் வாசலில் அங்கே. நடுவில் தாராளமாக ஒரு மாமரம். கத்திக் கத்திப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு வேறொரு மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு அது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை ஏரிக்கரையிலிருந்து யாரோ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஜூம் பண்ணி எடுத்தால் நடுவில் இருக்கிற மாமரம் என்ன, மாமல்லபுரமே காணாமல் போகும். ஊரின் வாட்ஸ்ஆப் குரூப்பில் நாங்களும் தேவராஜும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிற மாதிரி ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் கரை மேல் கூட்டம். முன்னால் நின்றவர் வார்டு மெம்பர் ஏகாம்பரம். நெல் வயல் வைத்திருக்கிற ஆள், ஊர்க் கட்டுப்பாடு அவர் பொறுப்பு.

“இன்னா தேவா, இன்னா நடக்குது இங்க? நாளைக்கு ஊட்டுக்கு வரவேண்டிய ஆளு, மெட்ராஸ்காரங்ககூட குந்திகினு சோறு துன்னுகினு கீற?”

“இல்லண்ணே. அவுங்க அங்க, நான் இங்க. தூரமாத்தான் இருந்தோம்.”

“வீடியோ கீதுடா. ஊரே பாத்துகினு கீது.”

நான் குறுக்கே பாய்ந்தேன். “நாங்க மெட்ராஸ் இல்லீங்க. மணவாள நகர்.”

“வண்டி மெட்ராசுன்னு சொல்துமா.”

“அது செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுங்க!”

“கொரோனாவும் செகண்ட் ஹேண்டாதான்மா வருது.”

பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த நேரத்தில் பதில் வாயில் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

மெம்பர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். தேவராஜ் வெளியாட்களோடு கலந்துவிட்டார். அதனால் இதுவரை இருந்ததெல்லாம் கணக்கில் இல்லை. நாளைக்கு ஒன்று என்று வைத்து, மறுபடியும் பதினாலு எண்ண வேண்டும்.

“அப்போ இவங்க?” என்று ஓர் இளைஞர் எங்களைக் காட்டினார்.

“அவுங்க எப்ப வேணா போவட்டும். அவுங்களுக்கு இன்னா, காரு கீது.”

தேவராஜ் கத்துவார், சண்டை போடுவார், குறைந்தபட்சம் எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மரத்தடிக்குப் போனார். கிளையிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்தார். மடித்தார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

என் கணவர் அதற்குள் டென்ட்டின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “நாம கிளம்பிடலாம். நாம போயிட்டா பிரச்னை தீர்ந்துடும்.”

“யாருக்கு?” என்றேன்.

பிடுங்கிய ஆணியை மறுபடி அடித்தார். அவர் கெட்டவர் இல்லை, வாசகர்களே. வீடியோ பார்த்துக் கெட்டவர், அவ்வளவுதான்.

ஆற அமர உட்கார்ந்து யோசித்தால் இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாம் ஜாலியாக ஒரு இடத்துக்குப் போகிறோம். பிளாஸ்டிக் தட்டைப் போட்டுவிட்டு வருகிறோம், பாட்டில் உடைத்துவிட்டு வருகிறோம். அங்கே இருக்கிறவர்கள் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் படித்தவர்கள், குப்பை போடாமல் வந்தவர்கள் என்ற பெருமை எனக்கு உண்டு. ஒரு ஆளின் பதினாலு நாளைத் தூக்கிப் போட்டிருக்கிறோம். அதை எந்தக் கவரில் கட்டிக்கொண்டு வருவது?

அன்று இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நித்யா பூச்சிக்குப் பயந்து குட்டி டென்ட்டைப் பிரிக்கவே இல்லை, காரிலேயே படுத்துவிட்டாள். நட்சத்திரம் பார்க்கத்தான் வந்தோம். தேர்வாய் கண்டிகைப் பக்கமிருந்து கம்பெனி விளக்குகளின் வெளிச்சம் வானம் முழுக்கப் பரவி, ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. மோட்டார் ரூமிலிருந்து போனில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு, ஊர்ப் பக்கமிருந்து அதே அழுகை நேராகவும் கேட்டது. அதற்கு மேல் நான் தூங்கவில்லை.

காலையில் கிராமத்து நர்ஸ் ஸ்கூட்டியில் வந்தார். காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேராக நீட்டி முதலில் தேவராஜை, அப்புறம் கேட்காமலே எங்களையும் பார்த்தார். ஏரிக்கரைக்குப் போனார். மெம்பரும் இளைஞர்களும் கம்பருகே இருந்தார்கள். நானும் பின்னாலேயே போய் ஒரு மரத்தடியில் நின்றேன்.

“மெம்பர், இவருக்கு நாள் முடிஞ்சிபோச்சு. டெஸ்ட் நெகட்டிவ். ஜொரம் இல்ல. இவங்களுக்கும் இல்ல. இவங்க குந்தி சாப்ட்ட எடத்த நான் பாத்தேன், பஸ்ஸே போவும் நடுவுல. ஊட்டுக்குப் போலாம்.”

“உங்க கணக்கு வேற, ஊர்க் கணக்கு வேறமா.”

“என்னங்க அநியாயம் இது?” என்றேன் நான். என் குரலில் டி.வி. விவாத மேடையே இருந்தது.

ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. “எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்துதாம்மா போனாரு. திரும்பி வந்தது ஒரு மூட்ட. மூஞ்சிகூட பாக்க உடல. எங்கண்ணி இன்னும் நம்பாம குந்திகினு கீது, அது வேற யாரோன்னு. இந்தத் தெருவுக்கு இன்னொரு மூட்ட வரக் கூடாதுமா. அவ்ளோதான். நீங்க அநியாயம்னு எழுதிக்கினாலும் சரி.”

நான் எழுதுகிறவள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஆனால் அவரைக் கேலி செய்து எழுத நேற்றிலிருந்து மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த வரிகளெல்லாம் அந்த நிமிஷம் வீணாகிவிட்டன. கம்பு என்று நான் பார்த்தது அவருக்கு அண்ணன்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தார்.

நைட்டி மேல் ஒரு துப்பட்டா, மாஸ்க், ஒரு கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை, இன்னொரு கையில் ஒயர் கூடை. தெருவிலிருந்து நேராகக் கம்பை நோக்கி நடந்து வந்தார். பச்சை உடம்பு, அவசரமில்லாத நடை.

“இன்னாமா ஸ்டெல்லா, எங்க கெளம்பிட்ட?”

“அவருகிட்ட.”

“கம்பத் தாண்டாத. தாண்டினா திரும்ப உள்ள வர முடியாது, சொல்ட்டேன்.”

“யாரு திரும்ப வரேன்னாங்க? மெம்பர் நைனா, ஊர்க் கட்டுப்பாடு உள்ள வர்றவங்களுக்குத்தானே போட்டீங்க? வெளிய போறவள எது தடுக்குது?”

மெம்பர் வாயைத் திறந்தார். மூடினார். எனக்கு நேற்று நடந்தது இன்று அவருக்கு நடந்தது.

“அவரு எத்தினி நாளு அங்க கீறாரோ, அத்தினி நாளு நாங்களும் அங்கியே கீறோம். எங்களால தெருக்கு ஒண்ணும் வராது. நீங்க நிம்மதியா எண்ணுங்க.” குரலை உயர்த்தவே இல்லை.

கம்புக்கடியில் நுழைய ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். பிரசவமான பெண் குழந்தையோடு குனிவதை அந்த இளைஞர்களால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மெம்பர் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு பேர் கம்பைத் தூக்கிவிட்டார்கள்.

தோப்பில் அவரைப் பார்த்ததும் தேவராஜ் ஓடி வருவார் என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தார், பின்பக்கமாக. “வேணாம் ஸ்டெல்லா! பாப்பாவுக்கு எதுனா ஆயிடப் போவுது... அங்கியே நில்லு!”

ஸ்டெல்லா நர்ஸைப் பார்த்தார். “அக்கா, கையில குடுக்கலாமா?”

“தாராளமா. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, மாஸ்க்க நல்லா மேல ஏத்திகினு வாங்கிக்கச் சொல்லு.”

இந்த நோய்க்காலத்தில் எத்தனையோ பேர் கை கழுவிப் பார்த்திருக்கிறேன். செலிபிரிட்டிகள் பாட்டுப் பாடிக்கொண்டே கை கழுவி வீடியோ போட்டார்கள். தேவராஜ் மோட்டார்த் தொட்டியில் கழுவிய மாதிரி யாரும் கழுவியதில்லை. விரல் விரலாக, முழங்கை வரை, தோள் வரை... நர்ஸே “போதும்பா, தோலு உரிஞ்சிடும்” என்றார். அப்புறம் உள்ளே போய் மடித்து வைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

குழந்தையை வாங்கினார். மாஸ்க்கோடு அதன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள்தான் மாமரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமே! ஏரிக்கரை மேல் அதற்குள் பாதித் தெரு கூடியிருந்தது. அங்கிருந்து ஒரு பையன் கத்தினான். “அண்ணே, இன்னா பேரு? கேக்கல!”

தேவராஜ் நிமிர்ந்தார். காதோடு காதாகச் சொல்ல நினைத்ததை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார்.

“ரோஸ்லின்!”

“நல்ல பேரு” என்று யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். பார்த்தால்... மெம்பர்.

ஆனாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். கம்பு மறுபடி இறங்கிவிட்டது. ஸ்டெல்லா மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “அக்கா, உள்ள ஒரே ஆயில் நாத்தம். பாப்பாக்கு ஆவாது. உங்க டென்ட்ட கொஞ்ச நாளைக்குக் குடுத்துட்டுப் போறீங்களா? தொவச்சிக் குடுத்துட்றேன்.”

நான் பதில் சொல்வதற்குள் நித்யா காருக்கு ஓடினாள். நாங்கள் படுத்திருந்த பெரிய டென்ட்டைக் கொடுக்க நர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆஃபரில் வந்த குட்டி டென்ட் சீல்கூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்ததே! அதையும் டேபிள் ஃபேனையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் என் கணவர் தாமே தூக்கிவந்து கல்லின் மேல் வைத்தார். முட்டையையும் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். எங்களுக்கு யாரும் பதினாலு நாள் எண்ணவில்லை.

மூன்று நாள் கழித்துத் தேவராஜ் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சிரிப்பு.

நடந்தது இதுதான். கைக்குழந்தையும் பச்சை உடம்பும் தோப்பில் இருக்கும்போது தெருவால் எத்தனை நேரம் சும்மா இருக்க முடியும்? முதல் நாள் பெண்கள் கரையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சாயந்திரம் ஒருத்தர் பூண்டுக் குழம்பு கொண்டுவந்து கல்லில் வைத்தார். மறுநாள் ஒருத்தர் கருவாட்டுக் குழம்பு, ஒருத்தர் சுறாப்புட்டு. வைத்துவிட்டுப் போகிறவர்கள் டென்ட்டின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, “யாரு சாடை?” என்று பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று கம்புக் காவல் இளைஞர்கள் வந்தார்கள். அவர்களும் ஜிப்பைத் திறந்தார்கள். கடைசியில் ஏகாம்பரமே, கணவனை இழந்த அண்ணியைக் கூட்டிக்கொண்டு, கையில் பால் சொம்போடு வந்துவிட்டார்.

“அண்ணி ரொம்ப நாளா ஊட்ட உட்டே வெளிய வர்ல அக்கா. பாப்பாவ பாத்துட்டு ரொம்ப நேரம் அங்கியே குந்திகினு இருந்துச்சி.”

அதற்கப்புறம் தெருவில் ஒரு யோசனைக் கூட்டம். கட்டுப்பாட்டின்படி தோப்புக்குப் போய் வந்த எல்லோரும் பதினாலு நாள் வெளியே இருக்க வேண்டும். யார் யார் போனது என்று எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணி முடித்தால், தெருவில் கம்பைப் பிடிக்க ஆளே இல்லை!

மெம்பர் தலையைச் சொறிந்தாராம். “பேஜாரா பூட்ச்சி. சரி, சரி. மூணு பேரும் ஊட்டுக்கு வாங்க. கை கால் கழுவிகினு வாங்க.”

“டென்ட்ட எப்டி அக்கா அனுப்பறது?” என்று கேட்டார் தேவராஜ். “ஊட்டுக்குள்ளயே போட்டு வச்சிருக்கோம். கொசு அண்டல. பாப்பா அதுலதான் தூங்குது.”

அனுப்பவே வேண்டாம் என்றேன்.

எங்கள் பெரிய டென்ட் இப்போது பரணில், பழைய குக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் கணவர் மீட்டிங்கில் இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே யூடியூப்பில் யாரோ படகில் துடுப்புப் போடுகிற சத்தம் கேட்கிறது. இந்த வருஷம் எங்கள் மாவட்டத்து ஆரணி ஆற்றில் தண்ணீர் வராமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மெசேஜுக்கு வருவோம். பெரிய டென்ட்டைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. குட்டி டென்ட்டைப் பற்றி எழுதினேன்: ‘இரண்டு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். தவறு. ஒரு குடும்பம் தாராளமாகப் படுக்கலாம். ஜிப் மட்டும் கொஞ்சம் உறுதியாக இருக்கட்டும், தெருவே திறந்து பார்க்கும்.’

கீழே ஐந்து நட்சத்திரம் காலியாக இருந்தது. அன்று வானத்தில்தான் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஐந்தையும் ரோஸ்லினுக்கே கொடுத்துவிட்டேன்.